கொழுந்தன் நீட்டாத கால்

எருசலேமில் எங்கள் யூத ஜனத்துக்கு ஒரு கண்டிப்பான கட்டளை உண்டு. நமக்குள் வரும் வழக்கை நம் பெரியவர்கள்தான் தீர்க்க வேண்டும். துருக்கியரின் நீதிபதியான காஜியிடம் போகிறவரைச் சமூகத்தை விட்டு விலக்கி வைப்போம். ஜெபக்கூடத்து ஊழியன் என்ற முறையில் இதை உரக்க அறிவிப்பது என் வேலை. அறிவித்துவிட்டு வெளியே வந்தால், கட்டளை போட்ட அதே பெரியவர்கள் கசாப்புக்கடைச் சண்டைக்காகக் காஜி மன்றத்துப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே எழுத்தருக்கு எங்கள் பெயர்களை எழுதியே விரல் தேய்ந்துவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம்.

புலீசா போனபோது மட்டும் ஜனத்தின் மானம் கப்பலேறிவிட்டது.

புலீசா ஆட்டுப்பாலில் பாலாடைக்கட்டி செய்து விற்பவள். எடையில் கை வைக்க மாட்டாள். எடையைச் சந்தேகிக்கிறவரை வாயால் உரித்துவிடுவாள். சுல்தான் கோட்டைச் சுவரைக் கட்டி முடித்த வருடம் அவள் கணவன் அப்னேர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. பிள்ளையில்லாமல் செத்தவனின் மனைவியை அவன் சகோதரன் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் சட்டம். விருப்பமில்லை என்றால் அவன் மூன்று பெரியவர்கள் முன்னால் வலது காலை நீட்ட வேண்டும். அவள் அந்தச் செருப்பைக் கழற்றி, அவன் எதிரே தரையில் துப்ப வேண்டும். அதோடு அவளுக்கு விடுதலை. அதுவரை அவள் வேறு யாரையும் மணக்க முடியாது. அதற்கென்றே வார் வைத்துத் தைத்த பொதுச் செருப்பு ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது.

கொழுந்தன் ஷெமர்யாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அவளுக்குப் பயந்து புலீசாவைக் கட்டவும் மாட்டான். காலை நீட்டவும் மாட்டான். புலீசா குடியிருந்த இரண்டு அறைகள்மீது அவனுக்குக் கண்; அவற்றை எழுதிக் கொடுத்தால்தான் கால் நீளும்.

"பஸ்கா பண்டிகை முடியட்டும் அண்ணி" என்பான். பண்டிகை முடிந்தால், "கால் வீங்கியிருக்கு அண்ணி, செருப்பு ஏறாது" என்பான். யாராவது அதட்டினால், "அண்ணன் பேரு அழிஞ்சிடக் கூடாதேன்னுதான் யோசிக்கிறேன்" என்று கண்ணைத் துடைப்பான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

எங்கள் குரு ஹகாம் எல்நெகாவே ரொம்ப நல்லவர். அதாவது, யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். "பொறுத்துக்கோம்மா" என்று சொல்லியே மூன்று வருடத்தை ஓட்டினார்.

நான்காம் வருடம் புலீசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு காஜி மன்றத்துக்குப் படியேறினாள். அவமானத்தைத் தடுக்க ஹகாம் பின்னாலேயே ஓடினார். அவர் ஓடினால் நானும் ஓட வேண்டும். காஜியின் சேவகன் ஷெமர்யாவையும் கூட்டிவந்து நிறுத்தினான்.

"என்னம்மா வேணும்?" என்றார் காஜி.

"இவன் கால் செருப்பை நான் கழட்டணும் அய்யா."

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டார். காஜி ஷெமர்யாவின் காலைப் பார்த்தார். "திருட்டுச் செருப்பா?"

அவள் விளக்கினாள். அவர் தாடியைத் தடவியபடி கேட்டுவிட்டு ஷெமர்யாவிடம் திரும்பினார். "இந்தப் பொண்ணு உன்னோட கட்டுல இருக்காளா?"

"ஆமாங்க. மோசேயோட சட்டப்படி என் கட்டுலதான். எவனும் தொட முடியாது" என்றான் நெஞ்சை நிமிர்த்தி.

"நல்லது. அப்ப அவளுக்கு ரொட்டி, எண்ணெய், துணி, சோப்பு, குளிக்கிற செலவு எல்லாம் உன் பொறுப்பு. எழுதுப்பா."

"அய்யய்யோ, எனக்கும் இவங்களுக்கும் என்னங்க சம்பந்தம்? அண்ணன் சம்சாரம், அவ்வளவுதான்."

"அப்படின்னா அதை எழுதுப்பா."

"இல்லங்க, கட்டு இருக்கு. ஆனா சோறு போடுற கட்டு இல்லீங்க."

மன்றமே சிரித்தது. காஜி சிரிக்கவில்லை. "பெரியவரே, உங்க சட்டம் என்ன சொல்லுது?" என்று ஹகாமைக் கேட்டார்.

மூன்று வருடமாக வாய்க்குள் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது. "இவன் காலை நீட்டணும் அய்யா. ஆனா ஒரு வேண்டுதல். நீட்டுன்னு நீங்க உத்தரவு போட்டா எங்க சட்டத்துல செல்லாது. எங்க பெரியவங்க சொல்றதைச் செய்யின்னு உத்தரவு போடுங்க. அது செல்லும்."

"உன் பெரியவங்க சொல்றதைச் செய்" என்றார் காஜி. "செய்யிற வரைக்கும் காவல்ல இரு."

ஷெமர்யாவின் கால் வீக்கம் அங்கேயே வற்றிவிட்டது. மறுநாள் ஜெபக்கூடத்தில் நான் செருப்பை மாட்டிவிட்டேன், புலீசா கழற்றினாள், துப்பினாள். அளவாகத் துப்பினால் போதும் என்று சட்டம். அவள் சட்டத்தைக் காட்டிலும் தாராளமாகவே துப்பினாள். எனக்கும் துப்ப வாய் ஊறியது.

அவள் எதற்காக இத்தனை பாடுபட்டாள் என்பது அதன் பிறகுதான் வெளியே வந்தது. ஹெப்ரோனிலிருந்து சந்தைக்கு வந்து பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற கெதல்யா, மனைவியை இழந்தவன். புலீசாவின் பழுதில்லாத பால்சட்டிக்கெல்லாம் ஈயம் பூசிக் கொடுத்திருக்கிறான். மாப்பிள்ளை காத்திருப்பது தெரிந்தால் ஷெமர்யா அறைகளோடு முற்றத்துக் கிணற்றையும் சேர்த்துக் கேட்பான் என்று அவள் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை.

இருவரும் தேதி குறிக்க வந்தார்கள். திருமண ஒப்பந்தம் எழுத ஹகாம் மாப்பிள்ளையின் முழுப் பெயரைக் கேட்டார்.

"கெதல்யா. அப்பா பேரு எல்காணா. நாங்க கோஹேன் குடும்பம்."

ஹகாமின் கை நின்றது. கோஹேன் என்றால் ஆரோன் வம்சத்துக் குருக்கள். பண்டிகைகளில் மேடையேறி, கை உயர்த்தி எல்லோரையும் ஆசீர்வதிக்கிறவர்கள். அவர்கள் விதவையை மணக்கலாம். ஆனால் விவாகரத்தானவளைப் போலவே, செருப்புக் கழற்றி விடுதலையானவளையும் மணக்கக் கூடாது.

"விதவையைக் கட்டலாம்னுதானே எனக்குத் தெரியும்" என்றான் கெதல்யா.

"கட்டலாம்ப்பா. இவ இப்ப வெறும் விதவை இல்லையே."

சாண் ஏறினால் முழம் சறுக்குவது கேள்விப்பட்டிருக்கிறேன். ஏறியதே சறுக்கலாக இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

புலீசா மெதுவாகக் கேட்டாள்: "கட்டு இருந்தப்பவும் ஆகாது, அவுத்த பிறகும் ஆகாது. அப்ப நான் எப்ப ஆவேன் அய்யா?"

"பொறுத்துக்கோம்மா" என்றார் ஹகாம், பழக்கதோஷத்தில்.

அவள் எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள். எங்கே போகிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஹகாம் கெதல்யாவைப் பிடித்துக்கொண்டார். "யோசிப்பா. இவளோட போனா நீ இனிமே மேடையேற முடியாது. உனக்குப் பொறக்கிற பசங்களும் ஏற முடியாது."

கெதல்யா ஈயக்கறை படிந்த தன் கைகளைப் பார்த்தான். "எங்கப்பா இந்தக் கையைப் பிடிச்சுத்தான் ஆசீர்வாதத்துக்கு விரலை எப்படி விரிக்கணும்னு காட்டிக்கொடுத்தாரு" என்றான். பிறகு அவள் பின்னால் போனான். காஜி அவர்களைக் கணவன் மனைவி என்று பதிந்தார்.

பெரியவர்கள் முப்பது நாள் விலக்கி வைத்தார்கள், நான்தான் அறிவித்தேன். பாலாடைக்கட்டி இல்லாத ஒரு மாதம் பெரியவர்களுக்கே கசந்திருக்க வேண்டும். விலக்கை நீட்டிக்கச் சொல்லி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த பண்டிகைக்கு இருவரும் ஜெபக்கூடத்துக்கு வந்தார்கள். ஆசீர்வாத நேரத்தில் "கோஹேன்களே" என்று நான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். மற்றவர்கள் எழுந்து மேடைக்குப் போனார்கள். கெதல்யா பாதி எழுந்து மறுபடியும் உட்கார்ந்தான். திரைக்கு அப்பால் பெண்கள் பக்கத்திலிருந்து புலீசாவின் குரல் கேட்டது. யாருக்கும் பயப்படாத அந்த வாய் மெல்ல அழுதுகொண்டிருந்தது.