சைக்கிள் சுற்றிக் கண்ட நட்சத்திரம்

சண்டை நடந்த, கறண்ட் இல்லாத அந்தக் காலத்தில், சண்டிலிப்பாயில் ஒரு வீட்டு முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால் அயலுக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான்: றேடியோவில் செய்தி போகிறது. பற்றறிக்குத் தடை. டைனமோதான் கதி.

அன்று பின்னேரம் எங்கள் டைனமோ வயர் றேடியோவுக்குப் போகவில்லை, என் கல்குலேற்றருக்குப் போனது. பல்கலைக்கழகக் கம்பியூட்டர் துணி போர்த்திக் கிடந்ததால் என் இறுதி வருட ஆய்வை அந்தக் கையகலப் பெட்டிக்குள் அடக்கியிருந்தேன். அதற்குள் இருந்தது கணக்காலேயே செய்து, கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு பொய்வானம். தூரத்து நட்சத்திரத்தின் எக்ஸ் கதிர்கள் தொலைநோக்கியில் துணிக்கை துணிக்கையாகத்தான் விழும். வானத்தின் மற்றக் குப்பையும் கூடவே விழும். அந்தச் சந்தடிக்குள் ஒரு மங்கல் நட்சத்திரம் தெரியுமா? அதைக் கண்டால்தான் மறுநாள் ஆய்வைக் கொடுக்கலாம். பெடல் நின்றால் புரோகிராம், விழுந்த துணிக்கைகள் எல்லாம் அழிந்துவிடும்.

சுற்றியவர் என் கணவர். அப்போதுதான் கலியாணமான புதிது.

"என்ரை கை கழண்ட பிறகுதான் உம்மடை நட்சத்திரம் தெரியும்போலை" என்றார். வாயை மூடிக்கொண்டு சுற்றச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு.

பக்கத்து வீட்டு மாமி பலகையோடு வந்து குந்தினார். "சத்தத்தைக் கூட்டு பிள்ளை. ஒண்டும் கேக்கேல்லை."

மாமியின் மகன் பிரான்சுக்கென்று வெளிக்கிட்டவன். எங்கே நிற்கிறான் என்று ஒரு தகவலும் இல்லை. செய்தியில் அவனைப் பற்றிச் சொல்லமாட்டார்கள் என்று மாமிக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நாளும் தவறவிடமாட்டார். இது றேடியோ இல்லை, என் படிப்பு என்றேன். "ஓம்" என்றார். எழும்பவில்லை.

செய்தி நேரமும் வந்துவிட்டது. மாமி ஒன்றும் கேட்காமல் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து வந்து குந்தினாரே என்று எரிச்சலும் வந்தது. எரிச்சலோடேயே வயரைக் கழற்றக் கையை நீட்டினேன்.

"வயரை மாத்துறன் மாமி."

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு பிள்ளை. நேற்றும் ஒண்டும் சொல்லேல்லை, முந்தநாளும் சொல்லேல்லை. தம்பி, கொஞ்சம் தள்ளும். நான் சுத்துறன்."

பெடல் நிற்காமல் கை மாறியது. மாமி சுற்றியது கணவர் சுற்றியதைவிடச் சீராக இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் நடுக்கட்டத்தின் எண்ணிக்கை சுற்றியுள்ள கட்டங்களைவிட மெல்ல மெல்ல உயர்ந்தது.

"தெரியுது மாமி!" என்று கத்தினேன்.

"எவ்வளவு தூரத்திலை நிக்குது?"

"சொல்லேலாத தூரம்."

"அங்கை நிண்டும் தெரியுதே" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இலக்கங்களை எழுதி முடித்ததும் கணவர் வயரை றேடியோவில் கொழுவினார். செய்தி முடிந்து பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. மாமி கையை எடுக்கவில்லை. பாட்டு முடியும் வரைக்கும் சுற்றிக்கொண்டே கேட்டார்.