காலிக் கிண்ணத்தில் கற்பூரம்

பார்த்தீனியக் களைக்கு எங்கள் பக்கத்துத் தெலுங்குப் பெயர் வய்யாரி பாமா. பெயரில்தான் ஒய்யாரம். பாலசமுத்திரத்தில் எங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் அது பூத்தால் நைனாவுக்கு மூச்சிரைக்கும். ஆனாலும் பிடுங்க அவரே இறங்குவார். அதை முளைக்கும் முன்பே நிறுத்திக் காட்டுகிறேன் என்று திருப்பதியில் விவசாய மேற்படிப்பு சேர்ந்தேன். கசக்கிய தைலமர இலையின் நெடியே, தொடாமல், விதையை முளைக்கவிடாது என்பது என் ஆய்வு.

"வாசனைக்கெல்லாம் வெதை பயந்துக்குமா?" என்று நைனா சிரிப்பார்.

தசராவுக்குக் கல்லூரியைப் பூட்டிவிட்டதால் டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். ஒவ்வொன்றிலும் ஈரத்தாள்மேல் விதை, நடுவில் குட்டிக் கிண்ணம். பாதிக் கிண்ணங்களில் இலை, மீதி காலி. காலிக் கிண்ணம் உள்ளதில் முளைத்து, இலை உள்ளதில் முளைக்காவிட்டால் நான் ஜெயித்தேன். இந்த முறையும் சரிவராவிட்டால் தலைப்பை மாற்றச் சொல்லியிருந்தார் பேராசிரியர்.

ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது எதிலுமே முளையில்லை. காலியாக இருக்க வேண்டியதில் கற்பூர வாசனை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஆயுத பூஜைக்கு நைனா மம்பட்டிய வெச்சாரு. உன் ஆயுதம் இதானே, இதையும் வெச்சேன். காலி கிண்ணத்த சாமி முன்னால எப்பிடி வெக்கிறது? அதான் ஆளுக்கொரு கற்பூரம் போட்டேன். வெதைமேல படவே இல்லடி!"

படாமலேதான் அடக்கியிருக்கிறது! நான் சொல்லிச் சொல்லியும் நைனா நம்பாததை அம்மாவே செய்து காட்டியிருக்கிறாள். நைனா டப்பாவை முகர்ந்து பார்த்தார். இப்போது சிரிக்கவில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு பேராசிரியர்முன் நிற்க முடியாது.

விட்டுவிட மனம் வரவில்லை. அவருக்குப் போன் செய்து, மறுபடி செய்கிறேன் என்றேன். அனுமதி கேட்கவில்லை, சொன்னேன். துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு கொல்லையில் விதை உதிர்த்து வந்தேன். புது டப்பாக்களைப் பீரோவில் பூட்டலாமென்றால் அங்கே அந்துருண்டை நெடி. கடைசியில் என் கட்டிலடியில் வைத்துக் காவல் காத்தேன்.

இலை இருந்ததில் ஒன்றுகூட எழவில்லை. காலிக் கிண்ணத்தைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று முளை.

"மொளைச்சிக்கினு கீது!" என்று அம்மா கைதட்டினாள். மூச்சு வாங்கிக்கொண்டே குனிந்து பார்த்த நைனாவின் கண் கலங்கியிருந்தது. அவரைப் படுத்தியெடுக்கும் செடி முளைத்ததற்கு எங்கள் வீடே கொண்டாடியது அன்றைக்குத்தான்.