டவுன்லிக்கும் டட்டிலுக்கும் நடுவில்

"டவுன்லி" என்று எழுத்தர் கூப்பிட்டதும் எப்ராயிம் ட்ராஸ்க் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். தலையில் இருக்கும் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். டவுன்லி 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லி முடித்ததும் ட்ராஸ்கின் உதடுகள் அசையும், சத்தம் வராது. அதற்குள் எழுத்தர் "டட்டில்" என்று அடுத்தவரிடம் போயிருப்பார். ஆங்கில அகரவரிசைப்படி அந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில்தான் அவர் பெயர் வர வேண்டும். வராது. மேற்கே இன்னும் மாநிலம் ஆகாத கரடியாற்றுப் பிரதேசம் அனுப்பிய ஒற்றைப் பிரதிநிதி அவர். சபையில் அவருக்கு நாற்காலி உண்டு, மேஜை உண்டு, பேசலாம், மசோதாவும் கொண்டுவரலாம். ஓட்டு மட்டும் கிடையாது.

பக்கத்து நாற்காலி எனக்கு வாய்த்த முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டேன்.

"இப்ப என்னமோ சொன்னீங்களே, மிஸ்டர் ட்ராஸ்க்?"

"ஆம்னு சொன்னேன்."

"யாருக்கும் கேக்கலையே?"

"கேக்க வேணாங்க. வாய்க்குப் பழக்கம் விட்டுடக் கூடாது பாருங்க. என்னைக்காவது எங்க ஊரையும் மாநிலமா ஆக்கிட்டு, திடீர்னு பேரைக் கூப்பிட்டாங்கன்னா நாக்கு குழறக் கூடாதுல்ல?"

சிரிக்காமல்தான் சொன்னார். சிரித்தது நான்.

ஊரில் அவருக்குப் படகுத்துறைத் தொழில். கோடையில் ஆறு வற்றினால் படகு கரைவரை வராது, நடுச்சேற்றில் நின்றுவிடும். அப்போது பயணிகளை ஒவ்வொருவராக முதுகில் ஏற்றிக் கரைசேர்ப்பார். பாதிரியார், நீதிபதி, விற்பனைக்கு வந்த ஆட்டுக்கிடா எல்லாரும் அந்த முதுகில் வந்தவர்கள்தான். "கிடாதான் உதைக்காம வந்துச்சு" என்பார். இங்கே தலைநகருக்கு வருவதற்கே அவருக்கு மாதத்துக்கு மேல் ஆகும். குதிரை, நீராவிப் படகு, மறுபடி குதிரை. வந்து சேரும்போது கோட்டில் பாதி தேசத்தின் சேறு இருக்கும். அதைத் தட்டிவிடுவதில் அவருக்கு அவசரம் கிடையாது.

இறகுப் பேனா சீவுவதில் அவரைப் போல் ஆள் கிடையாது. சபைப் பணியாளர் சீவித் தரும் பேனா இரண்டு வரியில் மழுங்கிவிடும். ட்ராஸ்க் சீவியது ஒரு பட்ஜெட் விவாதத்தையே தாங்கும். அதனால் எல்லாக் கட்சிக்காரரும் அவர் மேஜைக்கு வருவார்கள். வந்தவரை அவர் லேசில் விடமாட்டார். கத்தியை நிதானமாக ஓட்டிக்கொண்டே, கரடியாற்றங்கரைக் குடும்பங்களைப் பற்றி ஆரம்பிப்பார். மரம் வெட்டி, வேர் பிடுங்கி, சோளம் போட்டு, குழந்தையைப் புதைத்த மண் அது. பட்டா இல்லாததால், வரும் கோடையில் அரசாங்கம் அதை ஏலம் விடப்போகிறது. பணமூட்டையோடு வரும் நகரத்து ஆட்கள் ஒரே கூவலில் மொத்தத்தையும் வாங்கிவிடுவார்கள். திருத்தினவனுக்கே அரசாங்கம் வைத்த அடிவிலையில் முதல் உரிமை கொடுக்க வேண்டும் என்பதுதான் ட்ராஸ்கின் மசோதா. சொல்லி முடிக்கும்வரை பேனா கைக்கு வராது.

நான் கிழக்கே கனெக்டிகட் மாநிலத்துப் பிரதிநிதி. எங்கள் ஊர்ப் பையன்கள் கல் நிலத்தோடு மல்லுக்கட்ட முடியாமல் ஏற்கெனவே மேற்கே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மசோதா வந்தால் மிச்சம் இருப்பவனும் மூட்டை கட்டுவான். அதனால் நான் எதிர்ப்பக்கம். அது தவிர, நான் சாப்பிடும் மேஜையும் எதிர்ப்பக்கம். இந்தத் தலைநகரில் ஒரே விடுதியில் உண்கிறவர்கள் ஒரே மாதிரி ஓட்டுப் போடுவார்கள். மாற்றிப் போட்டால் கறித்தட்டு நம்மிடம் வரும்போது எலும்புதான் இருக்கும். திருமதி பெல்டன் விடுதியில் எங்கள் மேஜையின் தலைமாட்டில் உட்காருகிறவர் டாக்டர் டெமிங். வைத்தியத்தை விட்டுவிட்டுச் சபைக்கு வந்த பிறகும் பார்க்கிறவர்களையெல்லாம் நோயாளி மாதிரிதான் பார்ப்பார்.

ஒருநாள் ட்ராஸ்கைச் சாப்பிடக் கூப்பிட்டு அவரே வம்பை ஆரம்பித்தார்.

"காட்டைத் திருத்தினவனுக்குத்தான் முதல் உரிமைங்கறீங்க. சரி. உங்க ஆளுங்களுக்கு முன்னாடியே அங்க சோளம் போட்டுக்கிட்டிருந்த செவ்விந்தியனுக்கு எத்தனாவது உரிமை?"

டெமிங்குக்குச் செவ்விந்தியர்மேல் ஒரு அக்கறையும் கிடையாது. ஆளை மடக்கத்தான் கேட்டார். ஆனால் கேள்வி கேள்விதானே. ட்ராஸ்க் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார்.

"அதுக்கு என்கிட்ட பதில் இல்லீங்க டாக்டர்" என்றார். "இருந்திருந்தா சொல்லாம இருக்கமாட்டேன்."

மேஜை சிரித்தது. எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். இங்கே எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவர்களோடு பழகிப் பழகி எனக்குக் காது புளித்திருந்தது.

மசோதா ஓட்டுக்கு வந்தது பிப்ரவரிக் கடைசியில். சபை கலைய நான்கு நாள்தான் மிச்சம். அதற்குள் இந்தச் சபையிலும் செனட் என்ற மேல்சபையிலும் நிறைவேறாத மசோதா செத்தது செத்ததுதான். காலையில் ட்ராஸ்க் தலைகளை எண்ணிப் பார்த்து, ஜெயிக்கும் என்று முடிவுகட்டி, தன் நண்பர்களிடம் சொல்லி அன்றைக்கே ஓட்டெடுப்பைக் கேட்க வைத்தார். மத்தியானம், இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் உச்சநீதிமன்றத்தில், பேச்சுக்குப் பேர்போன ஒரு வக்கீல் வாதாட எழுந்தார். மாடத்துச் சீமாட்டிகள் அதைக் கேட்க இறகு விசிறியோடு இறங்கினார்கள். அவர்கள் பின்னாலேயே ட்ராஸ்கின் ஆட்களில் ஒரு டஜன் பேர் இறங்கிவிட்டார்கள். பெயர் கூப்பிடும்போது சபையின் தடுப்புக் கம்பிக்கு உள்ளே இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை. மசோதா ஏழு ஓட்டில் தோற்றது. அன்றைக்கும் டவுன்லிக்கு அப்புறம் ட்ராஸ்கின் உதடுகள் அசைந்ததைப் பார்த்தேன்.

இருட்டுவதற்கு முன்னால் எங்கள் விடுதிக் கதவைத் தட்டினார்.

"பூட்ஸை வெளியில விட்டுட்டு வாங்க, ஐயா. இப்பத்தான் தரை துடைச்சேன்" என்றாள் திருமதி பெல்டன்.

காலுறையோடு சாப்பாட்டு அறைக்குள் வந்து நின்றார். ஒரு காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது.

"மிஸ்டர் லூமிஸ், தோத்த மசோதாவை மறுபடி எடுங்கன்னு கேக்க, ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்களாலதான் முடியும். அதுவும் நாளைக்குள்ள. என்னால முடியாது. நான் எந்தப் பக்கமும் போடலையே."

"நான் உங்க மசோதாவை எதிர்க்கிறவன், ட்ராஸ்க்."

"தெரியுங்க. நாளைக்கும் எதிர்த்தே போடுங்க. மறுபடி எண்ணச் சொல்லுங்க, அது போதும்."

டெமிங் கறி வெட்டுவதை நிறுத்தினார். "லூமிஸ் எழுந்திரிச்சாருன்னா, அடுத்த வேளைக்கு வேற மேஜை பாத்துக்க வேண்டியதுதான்."

ட்ராஸ்க் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "எல்லாரும் இருந்து தோத்துச்சுன்னா, ஊருக்குப் போய் தோத்துட்டோம்னு சொல்லிடுவேன். அவங்களும் சாமானைக் கட்டிருவாங்க. ஒரு வக்கீல் நல்லாப் பேசினாரு, அதான் உங்க வீடு போயிடுச்சுன்னு நான் எப்படிங்க சொல்றது?"

ஜெயித்த ஜெயம் மத்தியானத்திலிருந்தே எனக்கும் தொண்டையில் இறங்கவில்லை. அதை டெமிங்குக்கு முன்னால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. "போய்த் தூங்குங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் தூங்கவில்லை என்பது மறுநாள் தெரிந்தது. விடியும் முன்பே ஒவ்வொரு விடுதியாகப் போய்த் தன் ஆட்களைத் தட்டி எழுப்பியிருக்கிறார். ஒருவரைச் சவரம் பாதியில் இருக்கும்போதே கூட்டிவந்துவிட்டாராம்.

காலையில் சபை கூடியதும் எழுந்தேன். எழுந்தால் தொப்பியைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். தலை அவ்வளவு குளிர்ந்து எனக்கு ஞாபகம் இல்லை. மறுபடி எடுக்கக் கோரினேன். டெமிங் என்னைச் சாகக் கிடக்கிறவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். கோரிக்கை நிறைவேறியது. சபாநாயகர் சுத்தியலைத் தட்ட, எழுத்தர் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்.

என் முறை வந்தது. "இல்லை" என்றேன். சொன்ன சொல் மாறவில்லை. அப்போதுதான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். காலி. மேஜைமேல் தொப்பி மட்டும் இருந்தது. டெமிங்கும் முந்தின நாள் வராத தன் ஆட்களைக் கூட்டிவந்திருந்ததால், ஓட்டு இரண்டு பக்கமும் சமமாக ஏறிக்கொண்டிருந்தது. ட்ராஸ்கின் ஆட்களில் கென்டக்கிக்கார விட்டேக்கர் ஒருவரைத்தான் காணோம். அவருக்கு ஒரு வாரமாகக் கால்வீக்கம், படுக்கை. சபைக் குன்றுக்குக் கீழே அவர் தங்கியிருக்கும் தெருவில் முழங்கால் சேறு, வாடகை வண்டி எதுவும் ஏறாது.

"டவுன்லி."

"இல்லை."

"டட்டில்."

"ஆம்."

நடுவில் இருந்த அந்த இடம் உதடசைக்க ஆளில்லாமல் கடந்துபோனது. எனக்கு என்னவோ போல இருந்தது. எதிர்ப்பக்கம் நிற்கிற நான், கதவைப் பார்த்துக்கொண்டே, வா மனுஷா வா என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

எழுத்தர் 'வெப்' என்று கூப்பிட்டபோது கதவு திறந்தது. ட்ராஸ்க் வந்தார். முதுகில் விட்டேக்கர். இரவுத் தொப்பி, போர்வை, துணி சுற்றிய கால் ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டு. ட்ராஸ்க் இடுப்புவரை சேறு. பெண்கள் இருந்த மாடத்தில் யாரோ வீறிட்டார்கள். அவர் தடுப்புக் கம்பியைத் தாண்டி உள்ளே காலை வைத்ததும் பெயர் வந்தது.

"விட்டேக்கர்."

"ஆம்!" முதுகில் இருந்தபடியே வலியோடு கத்தினார் விட்டேக்கர்.

ட்ராஸ்க் அவரைத் தன் நாற்காலியில் இறக்கிவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். என் பக்கம் குனிந்தார்.

"டவுன்லி தாண்டிருச்சா?"

"தாண்டிருச்சு" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். சபாநாயகர் எழுந்து, மசோதா ஒரே ஓட்டில் நிறைவேறியது என்று அறிவித்தார். மேற்கத்தியர்கள் மேஜையைத் தட்டினார்கள். யாரோ ட்ராஸ்கின் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, விட்டேக்கருக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்தார்.

"ஏறுங்க" என்றார். "வீட்டுல விட்டுட்டு, இருட்டுறதுக்குள்ள செனட் ஆளுங்களைப் பிடிக்கணும்."