கவாத்துக்குப் போட்ட கையெழுத்து

எங்கள் வீட்டு விளம்பரத் தாளின் அட்டையில் ஒரு நாரை நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் மயங்கினோம் என்று சொன்னால் என் கணவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ரயில் நிலையம் பத்து நிமிடம், நெடுஞ்சாலை ஐந்து நிமிடம் என்று உள்ளே எழுதியிருந்ததுதான் காரணம் என்பார். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையை ஒட்டி, ஒரு சுற்றுச்சுவருக்குள், ஒன்றோடொன்று தோள் இடித்துக்கொண்டு நிற்கிற மாடி வீடுகள் நாற்பது. விற்றவர்கள் அவற்றை வில்லா என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் எங்கள் கூடத்தில் கேட்கும். ஆனாலும் வில்லா.

நடுவில் ஒரு குட்டையும் அதன் கரையில் ஐந்து பெரிய தூங்குமூஞ்சி மரங்களும் இருந்தன. அவற்றை வெட்டாமல் விட்டதை ஏதோ தியாகம் செய்துவிட்டதுபோல் விற்பனைக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். தெருக்களுக்கெல்லாம் பறவைப் பெயர்கள். எங்களுடையது நாரை வீதி. மரத்தைப் பார்த்த நான்கு வீடுகளில் ஒன்று எங்களுக்குக் கிடைத்தபோது, எனக்குத் தலைகால் புரியவில்லை. பெங்களூரில் இருக்கும் என் அக்காவுக்கு உடனே போன் போட்டேன். "செங்கல்பட்டா? ஏன்டி, சென்னையில இடமே இல்லையா?" என்றாள். அந்த ஒரு கேள்வி முள்ளாக உள்ளே தங்கிவிட்டது. நான் பின்னால் செய்ததற்கு அதைச் சாக்காகச் சொல்லப் போவதில்லை. ஆனால் அது இருந்தது.

ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்ததும் பறவைகள் வந்தன. நத்தைகுத்தி நாரைகள், நீர்க்காகங்கள், பெயர் தெரியாத இன்னும் சில. முதல் வாரம் நாங்கள் எல்லோரும் குழந்தைகளானோம். வாட்ஸ்அப் குழுவில் படங்கள் குவிந்தன. அட்டையில் இருந்த நாரை நிஜமாகவே வந்துவிட்டது என்று ஒருவர் எழுத, நாற்பது வீடும் கைதட்டியது. கார்த்திகையில் அவை சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டின. மார்கழியில் குஞ்சு பொரித்தன. அதற்கப்புறம்தான் பறவை என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரிந்தது.

எச்சம். நடைபாதையில், மதில் மேல், காயப்போட்ட துணியில், எங்கும் வெள்ளை வெள்ளையாக எச்சம். பாதி தின்ற மீன் மேலிருந்து விழும். வெயில் ஏறினால் மீன் சந்தை மூடிய பிறகு வருகிற வாடை வீட்டுக்குள் வரும். எனக்குக் குமட்டியது, உண்மை. ஒருநாள் காலை, வாங்கி இரண்டே மாதமான எங்கள் காரின் கண்ணாடி முழுக்க வழிந்திருந்ததைப் படமெடுத்து, வாந்தியெடுக்கும் மஞ்சள் மூஞ்சி ஒன்றையும் சேர்த்துக் குழுவில் போட்டேன். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தவர்கள் எல்லோரும் அதன் கீழே கொட்டித் தீர்த்தார்கள். அத்தனைக்கும் பிள்ளையார்சுழி என் படம்தான்.

குடியிருப்போர் சங்கக் கூட்டம் கூடியது. சமோசா, காபி. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் எங்கள் வீதியின் கோடியில் இருக்கிறார். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருப்பவர், பறவைப் படங்களைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பவர். அவர்தான் எழுந்து, மரத்தை வெட்ட வேண்டாம், கவாத்து செய்தால் போதும் என்றார். மேல்கிளைகளை எடுத்துவிட்டால் கூடும் இருக்காது, வாடையும் இருக்காது, மரமும் இருக்கும். பறவைகளுக்கென்று அரசாங்கம் சரணாலயம் வைத்திருக்கிறது, அவை அங்கே போகட்டும் என்றும் சொன்னார். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கவாத்து என்ற சொல் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அதில் குஞ்சு இல்லை, ரத்தம் இல்லை. நானும் தலையாட்டிவிட்டுச் சமோசா தின்றேன்.

சங்க விதிப்படி, பொதுத் தோட்டத்தில் எதில் கைவைத்தாலும் அதை நேராகப் பார்க்கிற வீடுகள் அத்தனையும் கையெழுத்திட வேண்டும். ஒரு வீடு மறுத்தாலும் நடக்காது. மூன்று வீடுகள் அன்றைக்கே போட்டுவிட்டன. தாள் என்னிடம் வந்தபோது, கணவர் வந்ததும் தருகிறேன் என்று வாங்கி வைத்தேன்.

மறுநாள் தோட்டக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். கிளைகளை எடுக்கச் சொல்லி முதலில் அவரிடம்தான் கேட்டார்களாம். மாட்டேன் என்றிருக்கிறார். அப்படியானால் வெளியாளை வைத்துக்கொள்கிறோம், நீ குப்பையை மட்டும் அள்ளு என்று சொல்லிவிட்டார்களாம். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு, ஆனால் உள்ளே வராமல் நின்றார்.

"குஞ்சுங்க இன்னும் பறக்கல மேடம். ஒண்ணர மாசம் வுட்டா போதும், றெக்க மொளச்சி அதுங்களே பூடும். அப்பறமா நானே ஏறி வெட்டித் தர்றேன். நீங்க மட்டும் இப்ப கையெழுத்து போடாதீங்க."

அவருடைய ஊர் வேடந்தாங்கல் ஏரிக்குப் பக்கத்தில். அங்கே தீபாவளிக்குக்கூட யாரும் வெடி வெடிப்பதில்லை, பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் வயலுக்குப் பாய்கிறது என்றார். பெருமையாகச் சொல்லவில்லை, எங்கள் ஊருக்கு இந்தப் பேருந்து போகும் என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் பார்க்கிறேன் என்றேன். பார்க்கிறேன் என்றால் எங்கள் மாதிரி ஆட்களிடம் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கைகூப்பிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். பொங்கல் விடுமுறைக்கு வருகிறாளாம், அப்படி என்ன வீடு என்று பார்க்கப் போகிறாளாம். என் மனதில் உடனே ஒரு காட்சி ஓடியது. அக்கா காரிலிருந்து இறங்குகிறாள், மூக்கைப் பொத்துகிறாள், பட்டுப் புடவைமேல் சொத்தென்று விழுகிறது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, அன்று மாலையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒன்றரை மாதம் பொறுக்க எனக்கு முடியவில்லை. இப்போது எழுதும்போதுகூட என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இதைவிடக் கேவலம் அடுத்தது. மரம் அறுக்கிற சத்தத்திலும் தூசியிலும் குடியிருப்பவர்கள் அவதிப்படக் கூடாதே என்று, அந்த ஒரு நாளுக்குச் சங்கம் சுற்றுலா ஏற்பாடு செய்தது. எங்கே தெரியுமா? வேடந்தாங்கலுக்கு. பொங்கல் கழிந்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, இட்லிப் பொட்டலத்தோடும் தொப்பியோடும் நாங்கள் பேருந்தில் ஏறினோம். பொங்கலுக்கு முன் வெட்டும் ஆள் கிடைக்கவில்லை. முந்தின நாள் நள்ளிரவில் வந்து இறங்கியிருந்த அக்காவும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே திரும்பும்போது, இயந்திர ஏணி வைத்த வண்டி ஒன்று எங்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றது.

வேடந்தாங்கலில் பறவை பார்க்கும் கோபுரத்தின் மேல் ஏறி எல்லோரும் தொலைநோக்கியில் பார்த்தோம். அதே நத்தைகுத்தி நாரைகள். அதே சுள்ளிக் கூடுகள். ஒரு தாய் நாரை தொண்டையிலிருந்து எடுத்துப் போட்டதைக் குஞ்சுகள் கழுத்தை நீட்டி முண்டியடித்துத் தின்பதை அக்கா வெகுநேரம் பார்த்தாள். லென்ஸ்காரர் எங்கள் வீதிக் குழந்தைகளைச் சுற்றி நிற்கவைத்து, குஞ்சு பறக்கக் கற்கும்வரை பெற்றோர் எப்படிப் பாடுபடும் என்று பாடம் எடுத்தார். அங்கும் எச்சம் வாடை அடித்தது. ஒருவரும் மூக்கைச் சுளிக்கவில்லை. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கீழே இறங்கிவிட்டேன்.

மாலை நான்கு மணிக்குத் திரும்பினோம். வண்டி போய்விட்டிருந்தது. ஐந்து மரங்களும் மொட்டைக் கட்டைகளாக நின்றன. பெரிய பறவைகள் மதில் மேலும் கார்களின் கூரை மேலும் உட்கார்ந்திருந்தன, விரட்டினாலும் போகவில்லை. தரையில் கிளைகளுக்கும் தழைகளுக்கும் நடுவே குஞ்சுகள் கிடந்தன. பெரும்பாலும் செத்திருந்தன. தோட்டக்காரர் ஒருவரே குந்தி உட்கார்ந்து, செத்ததைக் கறுப்புப் பையிலும் உயிருள்ளதைத் தக்காளிக் கூடையிலும் போட்டுக்கொண்டிருந்தார். பேருந்திலிருந்து இறங்கியவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று அவரவர் வில்லாவுக்குள் போய்விட்டார்கள்.

அக்கா போகவில்லை. நேராக அவரிடம் போனாள். எனக்கும் பின்னால் போக வேண்டியதாயிற்று. அவர் எழுந்து, "கொஞ்சம் பிடிங்க மேடம்" என்று கூடையை என் கையில் கொடுத்துவிட்டு ஒரு கிளையைப் புரட்டினார். கூடைக்குள் ஏழோ எட்டோ இருந்தன. இறகு முளைக்காத தோல், பெரிய வயிறு. ஒன்று என் விரலருகே தலையைத் தூக்கிப் பயத்தில் வாந்தி எடுத்தது. காலையில் தின்ற நத்தைச் சதை, சூடாக, என் கைமேல்.

"இத யாருங்க வெட்டச் சொன்னது?" என்று கேட்டாள் அக்கா. "குஞ்சு இருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? யாரு இதுக்குக் கையெழுத்துப் போட்டது?"

அவர் நிமிர்ந்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு என்னையும், என் கையில் இருந்த கூடையையும் பார்த்தார்.

"தெரியலீங்கம்மா," என்றார்.

சொல்லிவிட்டு மறுபடி குந்தி, அடுத்த கிளையைப் புரட்டினார். அக்கா என் தோளைத் தொட்டு, இந்த மாதிரி மனுஷங்களோட நீ எப்படிடி குடியிருக்கே என்றாள். எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தது, அழுகை வந்தது என்று எழுத ஆசைதான். முதலில் வந்தது நிம்மதி. இவர் சொல்லமாட்டார், அக்காவுக்கு இனிமேல் தெரியவே தெரியாது என்று நெஞ்சு லேசானது. அந்த நிம்மதியை நினைத்தால் குமட்டுகிற மாதிரி, இத்தனை நாள் வீசிய மீன் வாடைக்கு ஒருநாளும் எனக்குக் குமட்டியதில்லை.