வாய்மொழித் தேர்வு

எங்கள் சபைக்கென்று ஒரு போதகர் இல்லாதிருந்த காலத்தில்தான் சபை நன்றாக இருந்தது. எந்தப் போதகரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. குறை சொல்ல வேண்டிய ஆள் நான்.

நாவற்குடாவில், வாவிப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது எங்கள் ஆலயம். ஆலயம் என்று சொன்னாலும் கூரைக்குச் சீற் போட்ட ஒரு மண்டபம்தான். மாரியில் பெரிய மழை பெய்தால் பிரசங்கம் செய்கிறவர் நிறுத்திவிட்டு நிற்க வேண்டும், ஒன்றும் கேட்காது. பதினெட்டுக் குடும்பங்கள். எங்களையும் சேர்த்து மூன்று சபைகளைப் பார்த்த ஒரு போதகர் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளை நாங்கள் மூன்று பேர் பங்கிட்டுக்கொண்டோம்.

ஒருவர் தச்சுவேலை செய்யும் ஐயா. சபையில் ஆட்கள் இருக்கிற வாங்குகள் எல்லாம் அவர் அடித்தவை. மற்றவர் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் அக்கா. மூன்றாவது நான், பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிற ரீச்சர். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. கலியாணம் முடிக்கவில்லை. அம்மாவும் நானும்தான் வீட்டில்.

அக்கா விடியமுன் வெள்ளாப்பிலேயே இடியப்பத்தை அவித்து இறக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போவா. திரும்பி வருகிற வழியில் எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் ஆசுபத்திரியில், யார் வீட்டில் புருஷன் பெண்சாதி கதைக்காமல் இருக்கிறார்கள் என்று எல்லாம் அவவுக்குத் தெரிந்துவிடும். சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே போவா. பத்து நிமிடம் இருந்து, ஜெபம் பண்ணி, கிடந்த கோப்பைகளையும் கழுவி வைத்துவிட்டு வருவா. நாங்கள் ஊழியம் என்று சொன்னதில் பாதிக்கு மேல் அதுதான். ஐயாவும் நானும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் பிரயோசனம்.

ஞாயிற்றுக்கிழமையிலும் அவதான் முந்தி. நான் பிரசங்கத்தை வெள்ளிக்கிழமையே எழுதி முடித்துவிடுவேன். ஆறு பக்கம். முன்னுரை, மூன்று தலைப்பு, முடிவுரை. நான் வாசிக்கும்போது ஆட்கள் மணிக்கூட்டைப் பார்ப்பது எனக்குத் தெரியும். அக்காவிடம் ஒரு துண்டுக் கடுதாசிகூட இருக்காது. பன்னிரண்டு வருஷம் இரத்தப்போக்கு இருந்து, இயேசுவின் உடுப்பைத் தொட்டுச் சுகமான பெண்ணைப் பற்றி ஒருநாள் அவ பேசினா.

"பன்ரெண்டு வருசம் எண்டா யோசிச்சுப் பாருங்க. துணி தோய்ச்சுத் தோய்ச்சே கை ஓஞ்சிருக்கும். கிட்டப் போனா ஆக்கள் விலகுவாங்க. சுகம் கிடைக்கணும் எண்டுதான் அவ தொட்டா. ஆனா ஆரையாவது ஒருக்காத் தொடணும் எண்டும் அவவுக்கு ஆசை இருந்திருக்கும். நான் அப்படித்தான் நினைக்கிற."

அவ்வளவுதான். போய் இருந்துவிட்டா. ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். எனக்கு முன்வாங்கில் இருந்த பிள்ளைத்தாய்ச்சி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அதே பகுதியை நான் மூன்று தரம் பிரசங்கித்திருக்கிறேன். ஒருதரமாவது எனக்கு அது தோன்றவில்லை.

பொறாமை என்று அப்போது நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. மொழி திருத்தமில்லை, வேத வசனத்தைச் சரியாக இடம் சொல்லத் தெரியவில்லை என்று என் மனதுக்குள் புள்ளி குறைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அம்மா பாரிசவாதத்தில் விழுந்தா. ஏழு மாதம் படுக்கை. நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன். அக்கா கடைகளுக்கு இடியப்பத்தைக் கொடுத்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வருவா. அம்மாவைப் புரட்டி, துடைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, கஞ்சி பருக்குவா. யாரும் கேட்டு வந்ததில்லை. நான் பருக்கினால் அம்மா வாயை இறுக்கி மூடிக்கொள்வா. அக்காவின் கையால் என்றால் குடிப்பா. பள்ளி விட்டு வந்து வாசலில் நிற்கும்போது, உள்ளே இரண்டு பேரும் எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்கும். அம்மாவின் வாய் கோணியிருந்ததால் அது சிரிப்பா அழுகையா என்று சொல்ல ஏலாது. நான் உள்ளே போனதும் அந்தச் சத்தம் நின்றுவிடும். அம்மா போனபோது குளிப்பாட்டியதும் அக்காதான். நான் அவவுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தேன். கொடுத்ததோடு கணக்கு முடிந்தது போல எனக்கு இருந்தது.

அடுத்த வருஷம் எங்களுக்கென்றே ஒரு போதகரை அனுப்பினார்கள். இளம் ஆள், மனைவியும் கைக்குழந்தையும். நல்ல மனிதர். அவருடனேயே மேலிடத்து ஒழுங்கு ஒன்றும் வந்தது: எழுத்துத் தேர்வில் சித்தியடைந்தவர்கள் மட்டும்தான் இனிப் பிரசங்க பீடத்தில் நிற்கலாம். ஐயா இளமையிலேயே அதை எழுதி முடித்தவர். நான் எழுதி முதலாவதாக வந்தேன். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவ. பெரிய எழுத்து வேதாகமத்தை விரல் வைத்து வாசிப்பா. எழுத்து என்றால் கையெழுத்து மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை புதுக் கொப்பி ஒன்றுடன் வீட்டுக்கு வந்தா.

"புள்ள, எனக்கு எழுத வருதில்ல. சனிக்கிழமையில கொஞ்சம் காட்டித் தாறீங்களா?"

"ஓம் அக்கா, வாங்க" என்றேன்.

அரை மணித்தியாலம் காட்டினேன். இடியப்பம் அவிக்கிற ஆவி பட்டுத் தடித்த விரல்கள். பேனையை எழுத்துக்கு எழுத்து அழுத்தி எழுதினதில் கொப்பியின் அடுத்த மூன்று பக்கத்திலும் பதிந்திருந்தது. அடுத்த சனி, தவணைப் பரீட்சைப் பேப்பர் திருத்த இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். மூன்றாவது சனி அவ படலையைத் தட்டிக் கூப்பிட்டபோது நான் அறைக்குள் கட்டிலில் இருந்தேன். எழும்பவில்லை.

"ரீச்சர்… ரீச்சர்…"

என்னைப் புள்ள என்று மட்டுமே கூப்பிட்டவ. இரண்டு தரம் ரீச்சர் என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டா. பிறகு வரவில்லை.

அதற்குப் பிந்திய ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் என்னை மட்டும் நிற்கச் சொன்னார். பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே நின்றேன்.

"ரீச்சர், உங்களிட்ட ஒண்டு கேக்கணும். அக்காவுக்கு வாய்மொழியாத் தேர்வு வைக்கலாமா எண்டு மேல எழுதிக் கேக்கப்போறன். நீங்களும் ஒரு கடிதம் தந்தா ஏற்றுக்கொள்ளுவாங்க. படிப்பிக்கிற ஆள் நீங்க. என்ன சொல்றீங்க?"

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது என்று சொல்லலாம். அது பொய். கையில் இருந்த புத்தகங்களை ஓரம் சரிபார்த்து அடுக்கி வைக்கும் அளவுக்கு நேரம் எடுத்து, நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

"பாஸ்டர், எழுத்து வாசிப்புத் தெரியாத ஆள் பீடத்தில நிண்டா படிச்ச பிள்ளைகள் வேற சபைக்குப் போயிருவாங்க. மற்றது, கஷ்டப்பட்டு எழுதிப் பாஸ் பண்ணின ஆக்களுக்கும் அது நியாயமில்ல."

"நீங்க உண்மையா அப்படி நினைக்கிறீங்களா?"

"ஓம் பாஸ்டர்."

அந்தச் சபையில் எல்லாரையும் சிறுவயதிலிருந்து தெரிந்தவள் நான். அவர் வந்து ஐந்து மாதம். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அவர் எழுதிக் கேட்கவில்லை.

அடுத்த மாதப் பட்டியலை வாசல் பலகையில் ஒட்டியபோது அதில் போதகரும் ஐயாவும் நானும் மட்டும். அக்கா பலகைக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தா. முடித்துவிட்டு மறுகா மேலிருந்து ஒருதரம் வாசித்தா. உள்ளே வந்து கடைசி வாங்கில் இருந்தா. அன்றைக்குப் பாடவில்லை.

சபை போதகர்மேல் பாய்ந்தது. நேற்று வந்த பொடியனுக்கு என்ன திமிர் என்றார்கள். எங்கள் வீட்டுக்கே வந்து திட்டித் தீர்த்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "என்ன செய்ற, மேலிடத்து ஒழுங்கு அப்படித்தானே" என்று எல்லாரோடும் சேர்ந்து கவலைப்பட்டேன். போதகர் ஒருநாளும் என் பெயரைச் சொல்லவில்லை. ஐயா மட்டும் பட்டியலில் தன் பெயரைப் பேனையால் வெட்டினார். "அவ நிக்காத இடத்தில எனக்கு என்ன வேலை" என்று சொல்லிவிட்டு, தான் செய்த வாங்கில் போய் இருந்துகொண்டார்.

அக்கா சில மாதம் வந்தா. பிறகு மாங்கேணியில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அவ கடைசியாக வந்த ஞாயிறு ஆராதனை நடத்தியது நான். அவவை முன்னால் கூப்பிட்டு ஒரு ஜெபம் பண்ணி அனுப்பியிருக்கலாம். யார் பக்கத்து ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் அப்படிச் செய்வதுதான் எங்கள் வழக்கம். அறிவித்தல்களை வாசித்தேன். கடைசிப் பாட்டுக்கு இலக்கம் சொன்னேன். பாட்டு முடியுமுன்னமே அவ எழும்பிப் போய்விட்டா.

இரண்டு வருஷத்தில் போதகரும் மாறிப் போனார். சபையின் முணுமுணுப்பு அவரைத் துரத்தியது என்றுதான் சொல்ல வேண்டும். வேறு ஆளை அனுப்பவில்லை. பழையபடி மாதத்துக்கு ஒருதரம் யாரோ வருகிறார்கள். மற்ற ஞாயிறெல்லாம் நான்தான். நாலு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது. படித்த பிள்ளைகளும் போனார்கள்; அவர்கள் போனது கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும்.

போன வருஷம், படுக்கையில் கிடந்த ஒருவரைப் பார்க்கப் போனேன். அக்கா முந்திப் பார்த்துவந்தவர். வேதாகமத்தைத் திறந்து ஒரு சங்கீதம் வாசித்து, திருத்தமாக ஜெபம் பண்ணினேன். கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவருடைய போர்வை நனைந்திருந்தது தெரிந்தது. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அவ இனி வரவே மாட்டாவா?"

அந்தச் சனிக்கிழமையே வாழைச்சேனைக்கு பஸ் எடுத்து, அங்கே மாறி மாங்கேணிக்குப் போனேன்.

அக்கா முற்றத்தில் பேரப்பிள்ளையின் உடுப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தா. முடி நன்றாக நரைத்திருந்தது. "வாங்க ரீச்சர்" என்று கதிரை எடுத்துப் போட்டா. தேத்தண்ணி தந்தா. குடித்து முடிக்குமுன்னமே எல்லாவற்றையும் சொன்னேன். போதகர் கேட்டது, நான் சொன்ன பதில், சனிக்கிழமை அறைக்குள் இருந்தது. அழுதேன். அவ அழவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றா. "மாறிப் போகக்குள்ள பாஸ்டர் இஞ்ச வந்து சொல்லிற்றுத்தான் போனவர். மன்னிப்புக் கேட்டவர். அவர் என்ன செய்தவர், பாவம்."

"அப்ப நீங்க ஏன் ஒருத்தருக்கும் சொல்லல்ல அக்கா?"

"சொல்லி? நான் அம்மாவப் பார்த்த வீடு, அந்த வீட்டப் பத்திச் சொல்லக்கூடாது எண்டு நினைச்சன்."

வாளியில் மிச்சமிருந்த உடுப்பைப் பிழிந்தா. கொடியில் போட்டா. பிறகுதான் என் பக்கம் கிறுகினா.

"இத இப்ப ஏன் எனக்கிட்டச் சொல்றீங்க? நான் ஜெபம் பண்ணி, பறவாயில்ல எண்டு சொல்லி அனுப்புவன் எண்டா?"

அதற்குத்தான் போயிருந்தேன்.

"எனக்கு ஏலாது ரீச்சர். இன்னும் ஏலாது. பொய்யா ஜெபம் பண்ண எனக்குத் தெரியாது. சொல்றதெண்டா சபையில போய்ச் சொல்லுங்க. அந்த மனிசனத்தானே எல்லாரும் ஏசினவங்க."

"நீங்க திரும்பி வருவீங்களா?"

"பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றா. படலை வரைக்கும் வரவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. பதினொரு பேர் வந்திருந்தார்கள். பிரசங்க நேரத்தில் கொப்பியைத் திறக்காமல், நடந்ததை நடந்தபடி சொன்னேன். எந்த ஞாயிறு, எந்த இடத்தில் நின்று, என்ன வார்த்தை சொன்னேன் என்று சொன்னேன். என் வாழ்நாளில் நான் பேசியதில் ஒருவரும் மணிக்கூடு பார்க்காத ஒரே பிரசங்கம் அதுதான்.

ஐயா எழும்பினார். கைத்தடியை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், நடுவால் நடந்து வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. சந்தையில் கண்டாலும் முகம் கொடுப்பதில்லை.

மற்றவர்களும் என்னை ஏசுவார்கள் என்றுதான் காத்திருந்தேன். ஏசினால் தாங்கிக்கொள்ள ஆயத்தமாய் வந்திருந்தேன். "இனி நான் இந்தப் பீடத்தில நிக்கிறதுக்குத் தகுதியில்ல" என்றும் சொன்னேன். பிறகு முன்வாங்கில் இருந்தவள், முன்பு சேலைத் தலைப்பால் முகம் மூடியவள், இப்போது நாலு பிள்ளைக்குத் தாய், மெல்லக் கேட்டாள்:

"அப்ப ரீச்சர், அடுத்த கிழமை ஆர் நடத்துற?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அது மன்னிப்பில்லை. கோபமும் இல்லை. வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். போதகரை ஏசியதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது அவருக்கு ஒரு கடிதம் போடலாம் என்று நான் கேட்டேன். போடலாம் ரீச்சர், நீங்களே எழுதுங்க என்றார்கள். எழுதினேன். பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிறும் நான்தான் நடத்தினேன். அதற்கடுத்த ஞாயிறும். போர்வை நனைந்து கிடந்தவர் பங்குனியில் இறந்துபோனார். அவரைக் குளிப்பாட்ட காசுக்குப் பிரேதம் பார்க்கிற மலர்ச்சாலைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். நான் வாசலில் வேதாகமத்தோடு நின்றேன்.