தேறும், தேறாது

லேத் பட்டறையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைக்ரான் என்றுதான் கூப்பிடுவார்கள். முடி அளவு பிசகினாலும் கடைந்த இரும்புத் துண்டைத் தூக்கி ஓரமாக எறிந்துவிடுகிற கறார் ஆசாமி. எறியும்போது ஒரே வார்த்தை: "தேறாது." சரியாக வந்திருந்தால் "தேறும்." இருபத்தாறு வருடமாக இந்த இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டே மனிதர் பட்டறையில் காலத்தை ஓட்டிவிட்டார்.

அவருடைய மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வருகிறவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். ஊசியைக் கண்டதும் முகம் வெளிறுகிறவர்களிடம், "உங்களுக்கு ரொம்பப் புடிச்ச பாட்டு எது?" என்று கேட்பாள். அவர்கள் யோசித்துச் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சு வைத்து அழுத்தியிருப்பாள். முதலில் கவனத்தைத் திருப்பத்தான் கேட்டாள். போகப்போக ஊசியைவிடப் பதில்தான் அவளுக்கு முக்கியமாகிவிட்டது. ஊசி முன்னால் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது அவள் கட்சி. ஆறடி உயரப் போலீஸ்காரர் ஒரு தாலாட்டைச் சொல்லிவிட்டு, "வெளில சொல்லிடாதீங்கம்மா" என்று கெஞ்சினார். வெள்ளை அங்கி போட்ட பாதிரியார் ராப் சொன்னார். தத்துவம் கற்பிக்கிற பேராசிரியைக்குக் குத்துப்பாட்டு. கசாப்புக் கடைக்காரர் சொன்னதோ வெறும் வயலின்.

"இதுல வார்த்தையே இல்லையேண்ணா?"

"கடையில நாள் பூரா பேச்சும்மா. அதான்."

சொன்னதையெல்லாம் பஞ்சுப் பாக்கெட்டின் உறையில் கிறுக்கிக்கொண்டு வருவாள். கஜல், ஜாஸ், கிராமத்துப் பறை, எந்த நாட்டு மொழியென்றே தெரியாத மீனவர் பாட்டு, எல்லாம் அவள் போனுக்குள் ஒரே மந்தையாக அடைந்து கிடக்கும். அதில் எது தங்கும், எது போகும் என்று தீர்ப்புச் சொல்வது மைக்ரானின் வேலை. காலை ஏழு பத்து பஸ்ஸில், ஐம்பது நிமிடப் பயணத்தில் தீர்ப்பு நடக்கும். இடப்பக்க இருக்கை. அவள் ஜன்னலோரம், முதலில் இறங்குகிறவர் என்பதால் அவர் வெளிப்பக்கம். ஒரே இயர்போன். ஒரு மொட்டு அவள் வலது காதில், இன்னொன்று அவர் இடது காதில். பாட்டு முடிந்ததும் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

"தேறாது. அழற மாதிரி பாடுறான், அழல."

அவ்வளவுதான், பாட்டு காலி. உலகமே கொண்டாடுகிற பாட்டாக இருந்தாலும் சரி. அவளும் விடமாட்டாள், பிடிபிடியென்று பிடிப்பாள். ஒருமுறை ஜாஸ் பாட்டுக்காக இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் பார்த்தால், அந்தப் பதிவில் அவர் பக்கம் வெறும் டிரம்ஸும் அவள் பக்கம் பாட்டு முழுவதும் ஓடியிருக்கிறது. மகள்தான் போனில் எதையோ தட்டி இரண்டு பக்கமும் ஒன்றாக வரும்படி செய்து சமாதானம் பண்ணிவைத்தாள்.

வீட்டில் மகள், மாமியார், டிவி, குக்கர் என்று ஒரே களேபரம். புருஷனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்து ஒரு விஷயத்தைப் பேசுவது அந்த ஐம்பது நிமிடம்தான். அதனால்தான் காது போனபோது மைக்ரான் மூச்சு விடவில்லை.

லேத்தில் மோட்டார் இருப்பது ஆளின் இடதுகைப் பக்கம். இருபத்தாறு வருட இரைச்சலும் அந்த ஒரு காதில்தான் இறங்கியிருக்கிறது. முதலில் வயலின் மெலிந்தது. அப்புறம் பெண் குரல்கள் பஸ் சத்தத்துக்கு அடியில் போய்விட்டன. மாசி மாதத்துக்கெல்லாம் இடது காதில் எதுவுமே இல்லை, 'ஙொய்' என்று ஒரு ரீங்காரம் தவிர. இடம் மாறி உட்காரலாம் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் சொன்னால் ஏன் என்று கேட்பாள். காது கேட்காத நீதிபதிக்கு யார் வழக்குக் கொண்டுவருவார்கள்? மற்றவர்களைப் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போக ஆரம்பித்துவிடுவாள் என்று பயந்தார். நிஜமாகவே பயந்தார்.

ஆகவே அவள் காலைப் பார்த்தார். கால் தாளம் போட்டால் இவரும் விரலால் தட்டுவார். உதடு அசைந்தால் கண்ணை மூடிக்கொள்வார். பாட்டு முடிந்து அவள் திரும்பினால், "தேறும்."

நாலு மாதம் இப்படியே ஓடியது. தாலாட்டு தேறியது, ராப் தேறியது, மீனவர் பாட்டு தேறியது. எதையும் ஓரமாக எறிய அவருக்குத் தைரியம் வரவில்லை. கேட்காத பாட்டைக் குறை சொல்வது பாவம் என்றும் ஒரு நினைப்பு.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அவள் போனை அழுத்திவிட்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். கால் தாளம் இல்லை, உதடு அசைவும் இல்லை. முன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, சோகப் பாட்டு என்று மைக்ரான் முடிவு கட்டினார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். இரண்டு முறை பெருமூச்சும் விட்டார். அவள் திரும்பினாள்.

"தேறும்," என்றார். அது போதாது என்று தோன்றவே வாயைக் கொடுத்தார். "குரல்ல ஒரு உண்மை இருக்கு. நடுவுலதான் கொஞ்சம் இழுவை."

அவள் அவர் இடது காதிலிருந்து மொட்டைப் பிடுங்கி, எட்டி வலது காதில் செருகி, மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

"ஏங்க, இது பாட்டு இல்ல. நான்தான் பேசுறேன். நாலு மாசமா ஒரு பாட்டுகூட தேறாம போகல. நல்ல பாட்டா வந்து குவியறதுக்கு நான் என்ன சொர்க்கத்துலயா ரத்தம் எடுக்குறேன்? உங்களுக்குக் காது கேக்கலன்னு நினைக்கிறேன். அப்படி இல்லன்னா… என்கூட சேர்ந்து கேக்கறது அலுத்துப்போச்சுன்னு அர்த்தம். ரெண்டுல எதுன்னு சொல்லித் தொலைங்க."

மைக்ரான் திருதிருவென்று விழித்தார். முகமெல்லாம் அசடு வழிந்தது. இவர் நாலு மாதமாகத் தன் பயத்தை மட்டும்தான் அளந்துகொண்டிருந்தார். அவளுக்கும் ஒரு பயம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"காதுதாம்மா," என்றார். "இந்தப் பக்கம் சுத்தமா போச்சு. அலுக்கல. சத்தியமா அலுக்கல."

பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை காது டாக்டர்கிட்ட போறோம். மறுபேச்சு கிடையாது."

"சரி."

"இப்ப எந்திரிங்க."

ஓடுகிற பஸ்ஸில் ஒருவர் காலை ஒருவர் மிதித்து, கம்பியில் இடித்துக்கொண்டு, இடம் மாறினார்கள். அவர் ஜன்னலோரம் போனார். அவள் அவருடைய வலப்பக்கம் வந்தாள். முந்தின நாள் ஒரு கப்பல் சமையல்காரர் சொன்ன கூட்டுப்பாடலை அவள் போட்டாள். வீட்டில் தனியாகக் கேட்டபோது அழுதுவிட்டாளாம். முதலில் ஒரு குரல், பிறகு பத்து, பிறகு ஒரு கூட்டமே பாடியது. அத்தனையும் கேட்டது. அவர் கண்ணை மூடவில்லை, விரலால் தட்டவில்லை, கடைசி வரைக்கும் கேட்டார். பாட்டு முடிந்ததும் அவள் திரும்பினாள்.

மைக்ரான் தயங்கினார். அவள் கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"கோச்சுக்காத," என்றார். "தேறாது."

"அப்பாடா," என்றாள் அவள்.