மோதிரம் கவ்விய மீன்

என் பேத்தி கிளாஸ்கோ என்கிற ஊரில் வேலை பார்க்கிறாள். போன வாரம் போனில் ஒரு படம் அனுப்பினாள். தெருவிளக்குக் கம்பத்தில் வார்த்திருந்த ஒரு மரம், உச்சியில் குருவி, கிளையில் மணி, அடியில் ஒரு மீன். மீனின் வாயில் மோதிரம். "இது இந்த ஊர் முத்திரை ஆச்சி, பாத்திருக்க மாட்டீங்க" என்றாள். நானா பார்த்திருக்க மாட்டேன்? எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகும் முன்பே அந்த மீனோடு பழகியவள் நான்.

முக்கூடலுக்கு மேற்கே ஆற்றோரம் எங்கள் ஊர். ஆற்றுத் தண்ணீரை ஊருக்கு ஏற்றும் பம்பு ஹவுஸில் அப்பா எஞ்சின் ஓட்டினார். அந்த எஞ்சின் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தது. அதன் நெற்றியில் இதே முத்திரை. அதை மாட்ட வந்த வெள்ளைக்காரர் சொன்ன கதைகள், அப்பாவுக்கு முன்னால் ஓட்டியவர் வழியாக அப்பாவிடம் வந்து சேர்ந்திருந்தன. அந்த ஊரை உண்டாக்கியவர் ஒரு சாமியாராம். செத்த குருவியை உயிர்ப்பித்தாராம். அணைந்த விளக்கைப் பச்சைக் கிளையை ஒடித்துப் பற்றவைத்தாராம். மணி அவர் கோயில் மணியாம். மீனுக்கு மட்டும் அப்பா கதை சொன்னதில்லை. "அது பெரியவங்க கதைட்டி" என்று விட்டுவிடுவார்.

எங்கள் வீட்டில் சாவிக்கொத்து அத்தை இடுப்பில் இருந்தது. அப்பாவுக்கு மூத்தவள், இளவயதிலேயே புருசனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கடுகு கீழே விழாது. ஒரு நாள் சாயங்காலம் அம்மா விளக்கேற்றும்போது, விரலில் மோதிரம் இல்லாததை அவள்தான் கண்டாள்.

அது சாதாரண மோதிரம் இல்லை. தாத்தா, மகன் கல்யாணத்துக்கு ஒரே அச்சில் இரண்டு சிவப்புக்கல் மோதிரம் செய்து, மகனுக்கு ஒன்றும் மருமகளுக்கு ஒன்றும் போட்டிருந்தார். எஞ்சின் ஓடும் நேரம் மட்டும் அப்பா தம்முடையதைக் கழற்றி மடியில் முடிந்து வைப்பார்.

"குளிக்கையில ஆத்தில நழுவிட்டு மதினி" என்றாள் அம்மா.

"நழுவிட்டா? உன் தங்கச்சி காலைல படித்துறைக்கு வந்துட்டுப் போனாளாமே. அவ கையில நழுவிட்டோ?"

அம்மா திரியைத் தூண்டினாள்.

சித்தி வந்தது உண்மை. வேற்றுச் சாதி ஆள் ஒருவரைத் தானே விரும்பிக் கட்டிக்கொண்டவள். எங்கள் வீட்டில் அவள் பேச்சே எடுக்கக் கூடாது. அன்று காலை முக்காடு போட்டுக்கொண்டு படித்துறையில் நின்றாள். அம்மா அவள் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். "நீ மீனப் பாத்துக்கிட்டு இரு, வாரேன். யார்ட்டயும் சொல்லாத" என்றாள் என்னிடம். நான் மீனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அத்தை கெடு வைத்தாள். வெள்ளிக்கிழமை தாத்தாவின் திதி. சொந்தபந்தம் அத்தனையும் வரும். "அன்னைக்கு மோதிரம் விரல்ல இருக்கணும். இல்லன்னா உங்க அம்மை வீட்டுக்குப் போயிரு. பிள்ள இங்கனயே கிடக்கட்டும்." நான்தான் அந்தப் பிள்ளை. எனக்கு அப்போது ஏழு வயது. அத்தை சொன்னதைச் செய்யாமல் விட்டு நான் பார்த்ததில்லை. அப்பா அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியும் பார்த்ததில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த அப்பா, கேட்காமலே எனக்கு மீன் கதையைச் சொன்னார். ஒரு ராணி மோதிரத்தைத் தொலைத்துவிட்டாள். கொண்டா, இல்லாவிட்டால் தலை போகும் என்றான் ராஜா. அவள் சாமியாரிடம் ஆள் அனுப்பி அழுதாள். ஆற்றில் முதலில் அகப்படும் மீனைக் கொண்டுவா என்றார் அவர். மீன் வாயில் மோதிரம் இருந்தது. "ராஜா அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல" என்று முடித்தார். சொன்னது என்னிடம், சொன்ன சத்தம் அடுப்படி வரைக்கும் போதுமானது. ரசத்தோடு வந்த அம்மா அதை இலைக்கு வெளியே ஊற்றிவிட்டாள்.

அத்தை விடவில்லை. வியாழக்கிழமை காலை என்னைத் தூணோரம் நிறுத்தினாள். "ஏட்டி, நீதான கூடப் போன. மோதிரம் ஆத்தில விழுந்தத உன் கண்ணால பாத்தியா?"

அம்மா கதவோரம் நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"பாத்தேன். ஒரு மீனு கவ்விட்டுப் போச்சு."

அத்தை சிரித்தாள். அவள் சிரிப்பு திட்டைவிடப் பயமாக இருக்கும். "அப்ப அந்த மீனையே மோதிரத்தக் கொண்டாரச் சொல்லு. நாளைக்கு விடியுமுன்ன வரணும்."

நான் ஆற்றுக்கு ஓடினேன். மீன்காரம்மா படித்துறையில் கூடையை அலசிக்கொண்டிருந்தாள். மோதிரம் முழுங்கின மீன் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஏ பிள்ளே, அப்படி மீனு கையில இருந்தா நா ஏன் வெயில்ல கூடை சுமக்கேன்? நீ அந்தச் சைவ வீட்டுப் பிள்ளைல்லா? உங்க அத்த பாத்தா மீனோட சேத்து உன்னயும் உரசிக் கழுவிருவா."

நான் அழுதேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, மிஞ்சிக் கிடந்த ஒரு கெண்டையை என் பாவாடையில் போட்டாள். "கொண்டு போ. இருந்தா உன் அதிர்ஷ்டம்."

திதிக்கு முந்தின நாள், மெழுகிக் கோலம் போட்ட வீட்டுக்குள், வெங்காயம்கூட நுழையாத அன்று, நான் மீனோடு நுழைந்தேன். அத்தை போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. "மூதி! வீட்டக் கெடுத்திட்டாளே! தாயும் மகளும் இன்னைக்கே இறங்குங்க!" அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். தெருவில் மாட்டுவண்டி பிடிக்க ஆளும் போய்விட்டான்.

அப்போதுதான் அப்பா வேலை முடிந்து வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. என் பாவாடையிலிருந்து மீனை எடுத்துக்கொண்டு, அரிவாளோடு கிணற்றடிக்குப் போனார். மீனைக் கண்ணெடுத்தும் பார்க்காத மனுசர். பைய ஒரு குடம் தண்ணீர் இறைத்துக் கை கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அத்தை முன்னால் உள்ளங்கையை விரித்தார். ஈரத்தோடு சிவப்புக்கல் மோதிரம்.

"மீனு வயித்துல இருந்திச்சுக்கா."

அத்தை மோதிரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அப்பாவின் கையை வெகுநேரம் பார்த்தாள். அம்மாவின் விரலைப் பிடித்துத் தானே மாட்டினாள். மோதிரம் தொளதொளவென்று ஆடியது.

"தண்ணில கிடந்து பெருத்துட்டு போல" என்றாள் அத்தை. உள்ளே போய் நூல் கொண்டுவந்து, தன் கையாலேயே மோதிரத்தில் இறுக்கிச் சுற்றிவிட்டாள். "ஏலே, வண்டிய வேண்டாம்னு சொல்லு" என்று அப்பாவிடம் சத்தம் போட்டுவிட்டு வீட்டைக் கழுவ வாளி எடுத்தாள்.

அந்தப் பெருமையில் நான் ரொம்ப நாள் தரையில் நடக்கவில்லை. மறுநாள் முருங்கை மூட்டில் பூனை தோண்டிப் போட்டிருந்த மீனின் வயிறு கீறாமல் முழுசாக இருந்தது. பார்த்தேன். அப்பாவின் மோதிர விரலில் வெளுத்த வளையம் ஒன்று இருந்தது. அதையும் பார்த்தேன். சோப்பு போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது பேத்தி போனில் சொன்னாள்: "ஆச்சி, கதை அப்படி இல்ல. ராணி தொலைக்கல. அவளே எடுத்து இன்னொருத்தருக்குக் குடுத்திருக்கா. அது ராஜாவுக்கு முதல்லயே தெரியும்." அந்தப் பாதியை அப்பா எங்களுக்குச் சொல்லவில்லை. பம்பு ஹவுஸ் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது படித்துறை.

கல்யாணத்துக்குப் பிறகு ஐம்பது வருடம் நானும் மோதிரத்தோடுதான் ஆற்றில் குளித்தேன். ஒவ்வொரு தடவை கரையேறும்போதும் திருகிப் பார்ப்பேன். அது பெருக்கவே இல்லை.